வண்டி நம்பர் பிரைமரி கீயா, தனி ஐடியா?

கடலூரில் டூவீலர் சர்வீஸ் கடைக்கு டேட்டாபேஸ் போடுகிறீர்கள். டேபிளில் ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக வண்டி நம்பரே இருக்கட்டுமா, 1, 2, 3 என்று நாமே தரும் தனி ஐடி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தனி ஐடியே வையுங்கள், தயங்க வேண்டாம்.

உங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. புதுச்சேரியில் வாங்கிய வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். பிஒய் 01 போய் டிஎன் 31 வந்துவிடும். நம்பரே கீ என்றால் ஜாப் கார்டு (வண்டியில் செய்யும் வேலையைக் குறிக்கும் சீட்டு), பில், ஸ்பேர் டேபிள் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' என்ற விதியைப் போட்டால், கீ மாறும்போது மற்ற டேபிள்களிலும் தானாகவே மாறும்தான். ஆனால் போன வருஷத்து பில்லிலும் புது நம்பர் ஏறிவிடும், அது தப்பு. பில்லில் அன்றைய நம்பரைத் தனி ஃபீல்டாகவே பதியுங்கள்.

ஐடி போட்டதோடு வேலை முடியாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சேசிஸ் நம்பருக்கு யுனீக், அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வராத கட்டுப்பாடு, கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வண்டி ஐடி 40, ஐடி 95 என்று இரண்டாக நிற்கும். சர்வீஸ் ஹிஸ்டரி பாதி அங்கே, பாதி இங்கே. ஆர்சி கொண்டுவராதவர்களுக்கு அந்த ஃபீல்டைக் காலியாக, அதாவது நல் மதிப்பாக விடலாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டுமே யுனீக்கில் பல நல்களை ஏற்கும். வண்டி நம்பரை இடைவெளி, கோடு நீக்கி ஒரே வடிவில் சேமியுங்கள்.

ஜாப் கார்டையும் ஸ்பேரையும் இணைக்கும் டேபிளுக்கு மட்டும் புது ஐடி தேவையில்லை. இரண்டு ஐடியும் சேர்ந்தே கீயாக இருக்கட்டும், எண்ணிக்கைக்கு ஒரு ஃபீல்டு போதும்.