அந்தச் சில்லறைச் சத்தம் எப்படி வந்தது?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'மனி' பாட்டு சில்லறை குலுங்க, கல்லாப்பெட்டி திறக்க ஆரம்பிக்கிறதே, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதைத் தாளத்தில் எப்படி உட்கார வைத்தார்கள்?

பதில்: வெட்டி ஒட்டித்தான், அதுவும் பிளேடால். குழுவின் பேஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸின் அன்றைய மனைவி மண்பாண்டம் செய்பவர். அவர் களிமண் குழைக்கும் பெரிய பாத்திரத்தில் காசுகளை வீசி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார் வாட்டர்ஸ். காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி என்று மொத்தம் ஏழு சத்தங்கள். ஒவ்வொன்றும் பதிவான நாடாவை ஸ்கேல் வைத்து அளந்து, சமமான துண்டுகளாக வெட்டி, வரிசையாக ஒட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி மெஷினில் சுழல விட்டார்கள். நாடாவில் நீளம்தான் நேரம், துண்டுகள் சமமாக இருந்தால் சத்தங்களும் சம இடைவெளியில் விழும். பாட்டும் ஏழு எண்ணிக்கையில்தான் நடக்கிறது, மிஸ்ர சாபு பழகிய காதுக்கு உடனே பிடிபடும். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் தனியாக வாசிக்கும் சோலோவில் மட்டும் நாலுக்கு மாறிக்கொள்வார்கள்.

கேள்வி: எல்லாமே ஸ்டூடியோவில் உட்கார்ந்து யோசித்ததுதானா?

பதில்: இல்லவே இல்லை, இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் இது. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது 1972 நடுவில். ஆனால் அந்த ஜனவரியிலேயே பிரைட்டனில் மொத்தத் தொகுப்பையும் மேடையேற்றப் போய், கருவிகள் மக்கர் பண்ண, பாதியில் நிறுத்தினார்கள். அப்புறம் ஊர் ஊராக வாசித்து வாசித்துத் தேய்த்தார்கள். எது நிற்கிறது, எது தொங்குகிறது என்று மேடையிலேயே தெரிந்துவிட்டது. ஆல்பத்தில் வரும் 'ஆன் தி ரன்' மேடையில் வெறும் கிட்டார் ஜாமாக, அதாவது மனம்போல வாசிப்பதாக, இருந்தது. ஸ்டூடியோவில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'சிந்தி' (Synthi) என்ற மின்னணு சிந்தசைஸரில் எட்டு ஸ்வரங்களை ஏற்றி வேகத்தைக் கூட்டி ஓட விட்டார்கள். 1973 மார்ச்சில் ஆல்பம் வந்தபோது பாட்டுகளுக்கு வயது ஒரு வருடத்துக்கு மேல். அதன் கட்டுக்கோப்புக்கு ஸ்டூடியோ வித்தைகளைவிட இந்த மேடைப் பழக்கம்தான் காரணம் என்பது என் கட்சி.

கேள்வி: 'டைம்' பாட்டில் அலறும் கடிகாரங்கள்?

பதில்: ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் கைங்கரியம். நான்கு ஸ்பீக்கர் ஒலியமைப்பைக் காட்டுவதற்காக ஒரு பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டுக்காகச் செய்ததல்ல, பொருத்தமாக மாட்டிக்கொண்டது.

கேள்வி: 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் வார்த்தையே இல்லாமல் கதறும் பெண் யார்?

பதில்: கிளேர் டோரி. பார்சன்ஸ் கூப்பிட்டு 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட்டின் பியானோவைப் போட்டுக் காட்டி, பாட்டு வரி எதுவும் கிடையாது என்றார்கள். முதலில் 'பேபி, பேபி' என்று ஆரம்பித்திருக்கிறார், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்ளலாம் என்று பாடியதுதான் நீங்கள் கேட்பது. சம்பளம் 30 பவுண்டு. ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது, ஆனால் பாட்டை உருவாக்கியவர் என்று ரைட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. மெட்டில் பாதி டோரியின் தொண்டையில் பிறந்தது என்பது காது உள்ள எவருக்கும் தெரியும். 2004-ல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் சமரசமானது, அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது.