வெள்ளம் வடிந்த கிணறும் பி.எச்.ஐ. தந்த தூளும்

கேள்வி: மாரி வந்தால் எங்கள் கிணறு வெள்ளத்தில் மூழ்கிவிடும். இம்முறை வெள்ளம் வடிந்ததும் அண்ணன் பம்ப் வைத்து அடிவரை இறைத்தார். ஒரு பக்கம் வளையம் சரிந்துவிட்டது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா குளோரின் தூள் தந்துவிட்டுப் போனார், அளவு விளங்கவில்லை. காலநிலை மாறுகிறது என்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வந்து இவர்களால் என்ன செய்ய முடியும்? (வாசகி, கிரான்)

பதில்: சகோதரி, அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆனால் வெள்ளம் வடிந்த கையோடு சுற்றுமண் முழுக்க நீர் ஊறியிருக்கும். உள்ளே வெறுமையானால் வெளியிலுள்ள நீர் வளையத்தை உள்ளே தள்ளும். கரையோரங்களில் இன்னொரு கேடும் உண்டு: மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே கிடக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பு, அம்பாறைக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது அடியிலிருந்த உப்பு மேலேறியது.

ஆகவே நிலத்தடி நீர் இறங்கும்வரை பொறுத்து, குப்பையை அள்ளி, கலங்கலைப் பகுதி பகுதியாக இறையுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும். தெளியாத நீரில் தூள் போடுவது வீண். எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம், அதன் புகை ஆளைக் கொல்லும்.

இனி அளவு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பிறகு 0.8 ஆலும் பெருக்குங்கள், எல்லாம் மீற்றரில். வரும் விடையை ஆயிரத்தால் பெருக்கினால் லீற்றர். 1.2 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீரும் என்றால் ஏறக்குறைய 3,500 லீற்றர். பையில் குளோரின் 65–70 வீதம் என்றிருந்தால், 20 லீற்றர் வாளி நீரில் 50 கிராம் தூளைக் கரையுங்கள். 30–35 வீதம் என்றால் 100 கிராம். கடைத் தராசில் நிறுங்கள், கையளவு ஏமாற்றும். ஆயிரம் லீற்றருக்கு அரை வாளிக் கரைசல். மேலே சொன்ன கிணற்றுக்கு ஒன்றே முக்கால் வாளி. அடியில் படியும் சுண்ணாம்பை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். நீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. மலசலகூடம் கழுவும் அசிட் பக்கத்திலேயே வரக் கூடாது.

12 மணித்தியாலம் தொடாமல் விட்டு, பிறகு கடும் மணம் போகும்வரை மெதுவாக இறையுங்கள். பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டு மிச்சக் குளோரினைப் பார்க்கச் சொல்லுங்கள்; லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தபின் பாவிக்கலாம். புது ஊற்று வரவரக் குளோரின் தீர்ந்துவிடும், ஆகவே குடிக்கும் நீர் கொதித்தே ஆக வேண்டும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள்.

வெள்ளத்துக்குப் பின் மட்டும் வந்தால் போதாது என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது இறங்கும்போது கொட்டித் தீர்க்கிறது. சுகாதார உத்தியோகத்தர்களின் வேலை புரட்டாதியிலேயே தொடங்க வேண்டும். மிட்வைஃபிடம் மார்கழிக்குள் பிரசவத் திகதி வரும் தாய்மாரின் பட்டியல் இருக்கும். வீதி மூழ்குமுன் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நகர்த்துவது அவர் திட்டமிடக்கூடியது. பெரும்போகத்தில் வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாக டொக்ஸிசைக்கிளின் 200 மில்லிகிராம், வாரம் ஒரு தடவை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாகக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அது ஆகாது. மருந்து எடுத்தவருக்கும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் இறங்கியதை மறக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இம்முறை நீர் எட்டிய மட்டத்தை இன்றே சுவரில் பெயின்ற் கோடாகக் குறியுங்கள். சரிந்த வளையத்தைத் திருத்தும்போது கிணற்றுக் கட்டு அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முழமாவது ஏறட்டும்.