அரிசி ஆலையில் வேலை செய்பவர்களுக்குக் காதுக் கவசம் செய்து, அதைப் பாடசாலையிலேயே சோதிக்க முடியுமா?

கேட்டவர் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர். தம்பலகாமத்து ஆலை ஒன்றை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். ஆனால் செய்வதைவிடச் சோதிப்பதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நான் திருகோணமலையில் பௌதிகவியல் படிப்பிப்பவன். பிள்ளைகள் கொண்டுவரும் கருவி அழகாகத்தான் இருக்கும். எப்படிச் சோதித்தீர்கள் என்றால், "போட்டுப் பார்த்தோம் சேர், சத்தம் குறைஞ்சது" என்பார்கள். எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில், யாருடைய காதில் என்று கேட்டால் பதில் வராது.

முதலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரத்தை ஆராயும் நியோஷ் நிறுவனம் சொல்லும் எல்லை, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். ஆலையில் 95 இருந்தால் 15 அல்லது 20 டெசிபெல் குறைத்தாலே தாராளம். அதற்கு மேல் போனால் இயந்திரத்தின் பட்டி (பெல்ட்) வழுக்கும் சத்தமும் பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவதும் கேட்காது. அது வேறு ஆபத்து.

பொருள் விடயத்தில், ரெஜிபோமை மறந்துவிடுங்கள். பாரமில்லாத பொருள் சத்தத்தை மறிக்காது. பஞ்சும் அப்படித்தான். இங்கே ஒரு குழு சிரட்டையில் கிண்ணம் செய்தது. நல்ல யோசனை, கடினமானது, காசும் இல்லை. பிரச்சினை விளிம்பில் வந்தது. காதைச் சுற்றி நூல் அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த அதிர்வெண் சத்தம் அப்படியே உள்ளே போய்விடும், ஆலை மோட்டரின் உறுமல் அந்த ரகம்தான். ஆட்டோ சீற் தைக்கும் குஷன் கடையில் ரெக்சின் போர்த்திய ஸ்பொஞ் வளையம் தைத்துப் போட்ட பிறகுதான் சிரட்டை கவசமானது. கண்ணாடி போடுபவருக்கு அதன் காம்பு இந்த அடைப்பைத் திறந்துவிடும், அதையும் பாருங்கள்.

இனிச் சோதனை. மனிதக் காதில் தொடங்க வேண்டாம். தலையளவு மரப்பெட்டியில் துளையிட்டு, உள்ளே போனின் மைக்கை வைத்து, வெளியே ஸ்பீக்கரில் சத்தம் போடுங்கள். கவசம் இல்லாமல் ஒரு அளவு, கவசத்தோடு ஒரு அளவு. போன் காட்டும் எண் சரியாக இராது, ஆனால் அதே போன், அதே இடம் என்றால் வித்தியாசத்தை நம்பலாம். மைக்கின் தானியங்கி ஒலிச் சரிப்படுத்தலை நிறுத்த முடிகிற செயலியாகப் பாருங்கள். பெட்டிக்கு அடியில் ஸ்பொஞ் வையுங்கள், இல்லாவிட்டால் மேசை வழியாக அதிர்வு ஏறும். 125 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை அதிர்வெண்ணைப் பட்டை பட்டையாகப் பிரித்து அளவிடுங்கள். ஒரே அதிர்வெண் கொண்ட தனிச் சுருதி போட்டால் அறைச் சுவரில் எதிரொலித்து, பெட்டியைச் சற்று நகர்த்தினாலே எண் மாறும். பல அதிர்வெண்கள் கலந்த இரைச்சல் பட்டைதான் நல்லது.

அடுத்து மனிதர்கள். இதில் பெரிய சத்தமே தேவையில்லை. கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி எது என்று கவசம் இல்லாமலும் கவசத்தோடும் பார்ப்பதுதான் முறை, தரநிலைச் சோதனையும் இதுதான். காதுக் கவசச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 4869-1 இதற்கு 16 பேரை எடுக்கிறது. வெளிச் சத்தம் இருந்தால் திறந்த காது மெல்லிய ஒலியைத் தவறவிடும், உங்கள் கவசம் உண்மையைவிட மோசமாகத் தெரியும். ஆகவே விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். புழுங்கும், வேறு வழியில்லை.

கணக்கில் சராசரியை மட்டும் எழுதாதீர்கள். சராசரியிலிருந்து ஒரு நியம விலகலை (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண்) கழித்ததைத்தான் பாதுகாப்பு என்று எடுப்பார்கள். ஆளுக்கு ஆள் அதிகம் மாறும் கவசம் அங்கே தோற்றுவிடும்.

கடைசியாக ஆலைக்குக் கொண்டு போங்கள். அணிபவர் கடையில் வாங்கிய இயர் பிளக்கையும் உள்ளே போட்டிருக்கட்டும். உங்கள் கருவி இன்னும் சான்று பெறாதது. அங்கே டெசிபெல் அளக்க வேண்டாம், எவ்வளவு நேரத்தில் கழற்றுகிறார் என்று பாருங்கள். 30 டெசிபெல் குறைக்கும் கவசத்தை வேலை நேரத்தில் பாதி கழற்றி வைத்தால் நாள் முழுவதற்கும் சேர்த்துக் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். நம் ஊர் வெயிலில் ரெக்சின் வியர்த்து நாறும். உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரித் தையுங்கள்.