இரத்தம் சொட்டாத எழுத்து

அன்புள்ள அண்ணா,

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் மடுவத்தில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை) இரவில் கொழுந்து நிறுக்கும் சத்தம் கேட்கிறது. அதுதான் கதை. பெயர் ‘கொழுந்து மடுவம்’. போஸ்டர் செய்யும் நண்பன் எழுத்திலிருந்து இரத்தம் சொட்டவிட்டிருக்கிறான். பேய்ப்படம் என்றால் அப்படித்தானாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நண்பன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர் போஸ்டரைப் பார்ப்பது இரண்டு விநாடி. அதற்குள் பேயா, காதலா, சிரிப்பா என்று எழுத்தே சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். கௌபாய் படங்களின் தடித்த எழுத்து, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அச்சுக்கூடங்களின் மர அச்சு. அந்த ஊர்ச் சுவர்களில் ஒட்டிய நோட்டீஸ் எழுத்துத்தான் அது. ட்ராஜன் என்ற எழுத்துருவோ, ரோமில் கி.பி. 113இல் எழுப்பிய தூணின் கல்வெட்டைப் பார்த்து 1989இல் எழுத்துரு வடிவமைப்பாளர் கரோல் டுவோம்ப்ளி அடோபி என்ற மென்பொருள் கம்பனிக்காக வரைந்தது. கல்வெட்டின் கம்பீரம் வேண்டி ‘டைட்டானிக்’ அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் ஆளாளுக்கு எடுத்து, மலிவான பேய்ப்படம் வரை வந்து, கம்பீரம் போயே போய்விட்டது.

பயமுறுத்த இரத்தம் வேண்டியதில்லை. 1960இல் ‘சைக்கோ’ படத்துக்கு வடிவமைப்பாளர் சோல் பாஸ் எழுத்துகளைக் குறுக்கே வெட்டி நகர்த்தினார், அவ்வளவுதான். 1979இல் வந்த ‘ஏலியன்’ என்ற விண்வெளிப் படத்தில் எழுத்தென்றே தெரியாத கோடுகள் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகத் தோன்றி, கடைசியில்தான் பெயராகின்றன.

அதை அப்படியே தமிழில் செய்யப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஆங்கில எழுத்துகளை விலக்கி வைத்தால் விண்வெளி வந்துவிடும். ‘கொ’வை விலக்கினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ‘க’ அநாதையாக நிற்கும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்றும் கிடையாது. இருப்பது சுழியும் புள்ளியும். (புள்ளியைப் பேயின் கண்ணாக்கும் வேலை மட்டும் வேண்டாம். எத்தனையோ போஸ்டர்களில் அது நம்மை முறைத்துவிட்டது.)

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) உடுப்பு வைத்திருந்தது பழைய தேயிலைப் பெட்டியில்தான். விளிம்பில் தகரம் அடித்த பலகைப் பெட்டி. பக்கவாட்டில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. என்று தூளின் தரம், நிறை, எல்லாம் தகட்டில் வெட்டி மை தடவிய எழுத்து. அந்த ஆங்கில ‘ஓ’வை முழு வட்டமாக வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதனால் இடையில் சின்னப் பாலம் விடுவார்கள். பட்டாளப் படங்களும் இந்த எழுத்தைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் நம் ஆட்களுக்கு அது துப்பாக்கியை அல்ல, தூள் வாசனையைத்தான் ஞாபகப்படுத்தும்.

உங்கள் தலைப்பை அப்படி வெட்டிப் பாருங்கள். க, ம, வ போன்ற எழுத்துகளின் மூடிய சுழிக்கெல்லாம் பாலம் விட வேண்டிவரும். எழுத்து உடைந்தது மாதிரியும் இருக்கும், வாசிக்கவும் முடியும். பூட்டிய மடுவத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றில் பிளேடால் வெட்டி, பலகையில் வைத்து, ஸ்பஞ்சால் மை ஒற்றுங்கள். ஓரத்தில் கொஞ்சம் கசியும். நண்பன் அதை இரத்தம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.