சுற்றுலா விசாவில் கன்று நடப் போகலாமா?

கல்லூரிக் குழுவோடு இரண்டு வாரம் வெளிநாட்டுக் கடலோரக் கிராமம் ஒன்றில் அலையாத்தி (மாங்குரோவ்) மரக்கன்று நடப் போகிறீர்கள். ஏற்பாட்டாளர் "சுற்றுலா விசா போதும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த வார்த்தையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணியை வேலையாகவே பார்க்கும் நாடுகள் உண்டு. சிக்கல் வந்தால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். செய்யப்போகும் வேலையை அப்படியே விவரித்து அந்நாட்டுத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அப்புறம் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால், முதல்முறை ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை.

எனக்கு இவற்றைவிடப் பெரிய கவலை அந்தக் கன்றுகள்தான். எங்கே நடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அலையாத்திக்கு ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்கும் இடம் வேண்டும். எந்நேரமும் நீரில் மூழ்கிக் கிடக்கும் தாழ்வான சேற்றில் அது பிழைக்காது. கடற்புல் படுகையில் நட்டாலோ கன்றும் போகும், புல்லும் பாழாகும். இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், ஊர் மீனவர்களைக் கேட்டார்களா, நீங்கள் திரும்பிய பிறகு யார் பராமரிப்பார்கள்? சரியான பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.