வீட்டு பிளேயரில் ஓடாத டிஸ்கும் வீடியோக்காரர் கையிலுள்ள மூலப் பதிவும்

கேள்வி: தை மாதம் கானாடுகாத்தான் வீட்டில் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்தி கல்யாணம் நடந்தது. வீடியோவுக்கு அப்பச்சிதான் 45,000 ரூபாய் பேசி முழுவதும் கொடுத்தார்கள். “ஃபுல் எச்டியில் எடுத்து டிவிடியாகத் தருகிறோம்” என்று வீடியோக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். நான்கு டிஸ்க் வந்தது, மொத்தம் இரண்டேகால் மணி நேரம். எங்கள் டிவிடி பிளேயரில் ஒன்றுகூட ஓடவில்லை. மகனின் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பிளேயரில் ஓடும்படி மாற்றித்தர இன்னும் 6,000 ரூபாய் கேட்கிறார். மூலப் பதிவை (எடிட் செய்யாமல் கேமராவில் எடுத்தபடியே உள்ளதை) கேட்டால், “காப்பிரைட் என்னுடையது” என்கிறார். ஆடியில் அப்பச்சி தவறிவிட்டார்கள். மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கலாமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: சகோதரி, போலீசுக்குப் போக வேண்டாம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. வீடியோக்காரர்கள் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போவார்கள். கம்ப்யூட்டரில் இடம் போதாவிட்டால் பழைய பதிவுகளையும் நீக்கிவிடுவார்கள். அப்பச்சி வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து பேசிய, டிஸ்கில் சேராமல் விட்ட காட்சிகள் அப்படிப் போய்விட்டால் எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித்தர முடியாது. அதனால் இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்: மூலப் பதிவை அழிக்கக்கூடாது, நாங்கள் தரும் ஹார்ட் டிஸ்கில் 15 நாளுக்குள் நகல் தரவேண்டும் என்று. அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

காப்பிரைட் பற்றி அவர் சொல்வது தவறு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(பி)-யின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் ஒளிப்படத்துக்கும் படப்பதிவுக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே அது அப்பச்சியுடையது. அவர்களுக்குப் பின் வாரிசுகளுடையது. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் வேறு நிபந்தனை அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். “எடிட் செய்ததைத் தரத்தான் பேசினோம், மூலப் பதிவு பேச்சில் இல்லை” என்று அவர் வாதிடலாம். அந்த வாதத்தில் கொஞ்சம் பசை உண்டு. ஆனால் உரிமையே உங்களிடம் இருக்கும்போது நகலை மறுப்பது அவருக்கு எளிதல்ல. பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டுகளின் உரிமை மட்டும் உங்களுக்கு வராது.

இனி டிஸ்க். அதை லேப்டாப்பில் திறந்து ஃபோல்டரின் பெயரைப் பாருங்கள். ‘வீடியோ டிஎஸ்’ (VIDEO_TS) என்றிருந்தால் அது சாதாரண டிவிடி. 720×576 புள்ளிகள்தான், எச்டி இல்லை, வாக்கை அவர் மீறியிருக்கிறார். ‘பிடிஎம்வி’ (BDMV) என்றிருந்தால் 1920×1080 எச்டி பதிவை ஏவிசிஎச்டி (AVCHD) என்ற முறையில் சாதாரண டிஸ்கிலேயே எழுதியிருக்கிறார். உங்களுடையது இரண்டாவது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் 4.7 ஜிபி டிஸ்கில் நல்ல தரமான எச்டி 35 நிமிடம் அளவுக்குத்தான் பிடிக்கும். நான்கு டிஸ்க், இரண்டேகால் மணி நேரம் என்ற கணக்கு அதோடு பொருந்துகிறது. இந்த டிஸ்கை ஏவிசிஎச்டி படிக்கும் ப்ளூ-ரே பிளேயர் காட்டும். பழைய டிவிடி பிளேயருக்கு அது புரியாது.

அப்படியானால் அவர் தரத்தில் ஏமாற்றவில்லை, அதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் டிவிடி என்று சொல்லி விற்றவர், வீட்டு டிவிடி பிளேயரில் ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தே தகவலை மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11). எனவே எச்டி டிஸ்குகளை வைத்துக்கொண்டே, சாதாரண டிவிடி ஒரு செட்டைக் கூடுதல் பணமில்லாமல் கேளுங்கள்.

நோட்டீசுக்கு மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். பணம் கொடுத்தது அப்பச்சியாயிற்றே என்று தயங்க வேண்டாம். இறந்த நுகர்வோரின் வாரிசு புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. டிஸ்க் கைக்கு வந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். புகாரோடு, அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38(8)-இன் கீழ் மூலப் பதிவை அழிக்காமல் காக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியமாக்க, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும். அந்த போனை மாற்றாமல் பத்திரமாக வையுங்கள்.

நான்கு டிஸ்குகளையும் இன்றே ஹார்ட் டிஸ்கில் இரண்டு நகல் எடுங்கள். எழுதிய டிஸ்க் நாளாக ஆகப் படிக்காமல் போகும். “மாற்றித் தருகிறேன்” என்று கேட்டாலும் அசலை அவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். அப்புறம், லேப்டாப்பை ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தால் ஆத்தா இன்று மாலையே வளவில் உட்கார்ந்து பார்க்கலாம். வழக்கு முடியும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.