கண்ணாடியும் பாம்பும் வைத்திருக்கும் இந்தப் பழைய சிலை எந்தத் தெய்வம்?

தாத்தா வீட்டிலிருந்து வந்த உலோகச் சிலை, கிரேக்கப் பாணி உடையில் ஒரு பெண், ஒரு கையில் பிடி வைத்த சிறு கண்ணாடி, இன்னொரு கையைச் சுற்றிய பாம்பு, இது எந்தத் தெய்வம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெய்வமே இல்லை. விவேகம் என்ற குணத்துக்குப் பெண் உருவம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி, தன்னைத் தானே பார்த்து அறிவதற்கு. பாம்பு, பைபிளில் மத்தேயு 10:16இலிருந்து வந்தது. பாம்பைப் போல விவேகமாக இருக்கச் சொல்லும் இடம் அது. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். கண்ணாடி மட்டும் என்றால் தற்பெருமை அல்லது உண்மை என்பதன் உருவமாகவோ, காதல் தேவி வீனஸாகவோ இருக்கலாம். பாம்பு கிண்ணத்திலிருந்து குடிப்பது போல இருந்தால் அவள் ஹைஜீயா, ஆரோக்கியத்தின் தேவி.

நான் கலை வரலாறு படித்தவள் இல்லை. ‘நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம்’ என்று யாராவது கேட்பார்கள். விலையையோ வயதையோ நான் சொல்லவில்லை. கையில் இருப்பதை வைத்து ஆள் யார் என்று மட்டும் சொல்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை பெரியது.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போய், 1930களில் இரண்டு சிலைகளைக் கொண்டுவந்தார். முகப்பில் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றரை அடி உயரம் இருக்கும். ஒருத்தி கையில் ஒரு கோல். அதை இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு ஏறும், உச்சியில் இரண்டு சின்ன இறக்கை. இன்னொருத்தி கையில் சுத்தியல், காலடியில் பல்சக்கரம். பாம்புக்காரியை அப்பத்தா நாகம்மா என்பார். ஊரணிக்கரை அரசமரத்தடி நாகர் கல்லிலும் இரண்டு பாம்புகள் அப்படித்தானே பின்னிக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள், குங்குமம். சக்கரக்காரிக்குத் தூசி தட்டுவதோடு சரி.

அப்பத்தாவை அறியாதவர் என்று யாரும் எழுத வேண்டாம். வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள் என்று கையைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் சாமியைச் சொல்கிறோம். ஐரோப்பியச் சிற்பிகள் வேலை செய்ததும் இதே முறையில்தான். 1593இல் ரோமில் சேசரே ரீப்பா என்பவர் எந்தக் குணத்துக்கு என்ன உடை, கையில் என்ன பொருள் என்று ஒரு நூலே எழுதினார். 1603 பதிப்பில் படங்களும் வந்தன. பல தலைமுறைச் சிற்பிகளும் ஓவியர்களும் அதைப் பார்த்துச் செய்தார்கள்.

வீடு பங்கு பிரித்தபோது இரண்டும் ‘வெள்ளைக்காரப் பொம்மை’ என்று பட்டியலில் ஏறின. பழைய சாமான் எடுக்க வந்த வியாபாரி பாம்புக் கோலைப் பார்த்துவிட்டு, ‘இது வைத்தியச் சிலை, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது. அது வேறு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்றார். சக்கரக்காரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நாகம்மாவை விற்கக் கூடாது என்று அப்பத்தா சொல்லி வைத்திருந்ததால் அவள் என்னிடம் வந்தாள்.

அவர் சொன்னது தவறு. வைத்தியத்தின் கோல், கிரேக்க வைத்தியக் கடவுளான அஸ்க்ளேப்பியஸுடையது. அதில் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. இரட்டைப் பாம்பும் இறக்கையும் இருந்தால் அது ரோமானியரின் வணிகக் கடவுளான மெர்க்குரியின் கோல், வணிகத்தின் அடையாளம். 1902இல் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவப் பிரிவு இந்த இரட்டைப் பாம்புக் கோலைச் சின்னமாக வைத்துக்கொண்ட பிறகு குழப்பம் இன்னும் பரவிவிட்டது.

ஒருநாள் பீடத்தில் கெட்டிப்பட்டிருந்த மஞ்சளையும் எண்ணெயையும் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. பிரெஞ்சில் ‘ல கொமேர்ஸ்’. வணிகம். அப்படியானால் சுத்தியலும் பல்சக்கரமும் வைத்திருந்தவள் தொழில். 19ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் இந்த இரண்டையும் ஜோடியாகவே வார்த்து விற்றிருக்கிறார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பங்கு பேச உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் எங்களிடம் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். அந்தச் சிலைகளைத் தினமும் துடைத்த அத்தைகளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ‘இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே பீடம், பிரிக்காதீர்கள்’ என்று சொல்லியிருப்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

சரி, உங்கள் சிலைக்கு வருகிறேன். ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். ரீப்பாவின் நூலில் ஒட்டகத்தோடு இருப்பவள் ஆசியா, யானைத் தலையை முடியாக அணிந்தவள் ஆப்பிரிக்கா. லண்டனில் இருக்கும் ஆல்பர்ட் நினைவுச் சின்னத்தில் யானை ஆசியாவுக்கு, ஒட்டகம் ஆப்பிரிக்காவுக்கு. அதனால் கை, தலை, காலடி, பீடம் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல மடங்கி, உள்ளே வெறுமையாக இருந்தால் ஏதோ ஒடிந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பளபளக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இந்த வகைச் சிலைகள் பல, துத்தநாகக் கலவையில் வார்த்து வெண்கல நிறம் பூசியவை. புளி பட்டால் பூச்சு போய்விடும், திரும்ப வராது.

அப்புறம் முக்கியமானது. விவேகம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. நீதி, மன உறுதி, நிதானம், விவேகம் நான்கும் ஒரு தொகுதி. உங்கள் பெரியப்பா, அத்தை வீடுகளில் தராசு பிடித்த ஒருத்தியோ, உடைந்த தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவளோ, ஒரு குடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவளோ இருக்கிறாளா என்று கேளுங்கள். பழைய சாமான்காரர் வந்து போவதற்குள், இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.